ஊவாத் தோட்டங்களில் ஓர் இத்தாலியப் பாடம்

பட்டிப்பொலை ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,897 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. அடுத்து வரும் சுரங்கத்தைத் தாண்டினால் ஊவா மாகாணம். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த மூடுபனி காணாமல் போய், ஒஹியாவில் வெயில் அடிக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வாசலில் நின்று படம் பிடிக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் அப்புத்தளையில் இறங்குவதற்கு மூட்டைகளை எடுத்து வைக்கிறார்கள்.

1894இல் பண்டாரவளையை எட்டிய இந்தப் பாதை பதுளைக்கு வந்துசேர 1924 ஆயிற்று. தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. இன்று அதே பாதையில் இளைஞர்களும் பெண்களும் இறங்கிப் போகிறார்கள்: கொழும்புக் கடைகளுக்கு, ஆடைத் தொழிற்சாலைகளுக்கு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு. குவைத், சவூதி, ஜோர்தான் என்று வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்களை ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். அண்மைக் காலமாக இத்தாலி என்ற பேரும் அடிபடுகிறது. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சில பெண்கள் மாலையில் கூடி, வீட்டின் பாகங்களுக்கு இத்தாலியப் பெயர்களைப் படிக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதைப் பார்க்கத்தான் புறப்பட்டேன். போகிற வழியில் பார்த்த வீடுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாடம் முழுமையாகப் புரியும்.

அப்புத்தளை

அப்புத்தளை மலைமுகட்டில் அமைந்த சிறிய ஊர். கடைத்தெரு முடியும் இடத்தில் நின்று தெற்கே பார்த்தால் மலை சரேலென்று இறங்கி, தாழ்நிலம் வெகுதூரம் விரிகிறது. ஊரிலிருந்து மேற்கே போகும் பாதையில் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே அடிஷாம் மாளிகை நிற்கிறது. சர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டி முடித்த வீடு. கருங்கல் சுவர்கள், கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் பர்மாத் தேக்கு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார்.

1960களின் தொடக்கத்தில் இந்த வீடு சில்வெஸ்திரிய பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. இந்தச் சபை 1231இல் இத்தாலியில், ஃபாப்ரியானோ நகருக்கு அருகிலுள்ள மொந்தெஃபானோ மலையில் தொடங்கியது. அதன் துறவிகள் 1845இலேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். கண்டியின் முதல் ஆயர் கிளெமென்தே பஞ்ஞானி இந்தச் சபையைச் சேர்ந்த இத்தாலியர். பதுளை அந்தக் காலத்தில் கண்டி மறைமாவட்டத்துக்குள் இருந்தது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது முதல் ஆயராக வந்த லியோ நாணயக்காரவும் இதே சபைத் துறவிதான். ஆகவே ஊவா மலைகளில் இத்தாலிய மொழி ஒலிப்பது இது முதல் தடவை இல்லை. அன்று குருமார்களோடு மலையேறி வந்த மொழி, இன்று வேலை தேடி மலையிறங்கும் பெண்களின் வாயில் பழகுகிறது.

வார இறுதிகளில் பார்வையாளரை உள்ளே விடுகிறார்கள். பார்க்கக் கிடைப்பது வரவேற்பறையும் நூலக அறையும்தான். மற்ற அறைகள் துறவிகளின் வாழ்விடம். ஆனாலும் அந்த இரண்டு அறைகளில் நின்றாலே அந்தக் காலத்துத் துரைமார் வாழ்ந்த முறை விளங்குகிறது. படிக்க ஓர் அறை, விருந்தினருக்கு ஓர் அறை, சாப்பிட ஓர் அறை, உறங்க ஓர் அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு கதவு, ஒரு பூட்டு. அவற்றையெல்லாம் துடைத்தும் பெருக்கியும் வைக்க ஆட்கள் வேண்டும்.

தோட்டத்து பங்களாக்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் அப்புவும் ஆயாவும் தோட்டக்காரனும். டிராயிங் ரூம், டைனிங் ரூம், பேன்ட்ரி என்று துரை வீட்டின் பெயர்களை அவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே, காதால் கேட்டே படித்தார்கள். சாப்பாட்டுத் தட்டை எந்த அறைக்கு எந்த வாசல் வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தப்பில்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். அடுத்தவர் வீட்டின் மொழியை வேலைக்காகக் கற்பது ஊவாத் தோட்டங்களில் தலைமுறைகளாக நடந்துவரும் காரியம்.

தம்பேத்தன்னை

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சின்ன பஸ் போகிறது. பாதையின் இருபுறமும் தேயிலை, நடுநடுவே லயங்கள். 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களில் இதுவும் ஒன்று. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் முகடு மேலே இருக்கிறது. உலகெங்குமிருந்து ஆட்கள் அங்கே ஏறிப் போகிறார்கள். அவர்கள் கடந்துபோகும் லயங்களில்தான் கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கிறார்கள்.

லயத்தைப் பார்த்திராத வாசகருக்காகச் சொல்கிறேன். நீளமான ஒரே கட்டடம். மேலே தகரக் கூரை. உள்ளே வரிசையாகத் தடுத்த அறைகள். ஓர் அறைக்குக் காம்பரா என்று பேர். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது ஆதியில் போட்ட கணக்கு. முன்னால் ஒரு சின்னத் திண்ணை, அது இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பையே பல குடும்பங்கள் பலகையாலும் தகரத்தாலும் அடைத்துக் குசினியாக்கியிருக்கின்றன. தண்ணீருக்குப் பீலி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பிள்ளை அழுதாலும் கணவன் மனைவி பேசிக்கொண்டாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பெரிய பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் விளக்கை அணைக்காமல் படுக்க வேண்டும்.

இந்த லயங்கள் கோப்பிக் காலத்தில் தொடங்கியவை. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. ஆட்களும் லயமும் அப்படியே இருந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இந்தியாவுக்குப் போவோர், இங்கே தங்குவோர் என்று பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. இங்கே தங்கியவர்களில் எஞ்சியோருக்கும் குடியுரிமை கிடைக்க 2003இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. குடியுரிமை வந்த பிறகும் காம்பரா அவர்களுடையதாகவில்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை அதில் இருக்கலாம், அவ்வளவுதான் நிலை.

மீரியபெத்தை

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகவும், அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகவும் கொஸ்லாந்தைக்குப் போகலாம். அதற்கு மேலே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. போக வேறு வீடு இல்லாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? பின்னால் பூனாகலைப் பக்கம் புதிய வீடுகள் கட்டி, தப்பிப் பிழைத்தவர்களைக் குடியேற்றினார்கள்.

மண் சரிந்த சரிவில் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. அங்கே நின்றபோது என் மனத்தில் ஓடியது ஒரே எண்ணம்தான். லயத்தில் இருப்பவருக்குத் தன் வீடு எங்கே அமைய வேண்டும் என்று சொல்லும் உரிமை இருந்திருந்தால், அந்தச் சரிவில் யாரும் குடியிருந்திருக்க மாட்டார்கள்.

பசறை

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் நமுனுகுல மலை கூடவே வருகிறது. இங்கே தோட்டங்கள் அப்புத்தளையை விடத் தாழ்வானவை. தேயிலைக்கு இடையே மிளகுக் கொடியும் பலாவும் நிற்கின்றன. நண்பர் சொன்ன தோட்டத்துக்கு ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தொங்கல் வீட்டு இஸ்தோப்பில் பாய் விரித்து ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், சிசிலித் தீவின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஓர் அக்கா. கையில் ஒரு கொப்பி. அதில் வீட்டுப் படம் ஒன்று. ஒவ்வோர் இடத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பேர் எழுதியிருந்தது.

“வாங்கண்ணே, குந்துங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்க” என்றார் வீட்டுக்காரம்மா.

பாடம் வாசலில் தொடங்கியது. கதவு போர்த்தா. கூரை தெத்தோ. படிக்கட்டு ஸ்காலா. குளியலறை பாஞ்ஞோ. ஜன்னல் ஃபினேஸ்த்ரா. வெறும் பேரை மட்டும் படிக்கக் கூடாது என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். இத்தாலிய மொழியில் பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. அதனால் ‘லா போர்த்தா’, ‘இல் பாஞ்ஞோ’ என்று முன்னால் வரும் சொல்லோடு சேர்த்துத்தான் சொல்லச் சொன்னார். அப்படிப் பழகினால்தான் பிறகு வாக்கியம் தானாக வரும் என்றார். நல்ல ஆசிரியருக்குரிய அறிவுரை அது.

குசினிக்கு வந்தபோது ஓர் இளம்பெண் நிமிர்ந்தாள்.

“குச்சீனாவா? நாம குசினின்னுதானேக்கா சொல்றோம்!”

“அறைக்கு என்னான்னு சொன்னேன்? காமெரா. நம்ம காம்பராதான். பயப்படாதீங்க புள்ள, பாதிப் பாஷை நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.”

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. காம்பரா, குசினி, அலுமாரி, சாவி ஆகியவை போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை. போர்த்துக்கேயமும் இத்தாலியமும் இலத்தீன் என்ற ஒரு தாயின் பிள்ளைகள். அதனால்தான் அலுமாரிக்கு அங்கே அர்மாதியோ என்றும் சாவிக்குக் கியாவெ என்றும் பேர். இஸ்தோப்பு ஒல்லாந்தர் தந்த சொல். போர்த்துக்கேயரால் ஊவாவைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1630இல் வெல்லவாயைக்குப் பக்கத்தில் ரந்தெனிவெலையில் அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா தன் படையோடு அழிந்தார். ஆனால் கரையோரத்தில் அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுச் சொற்கள் பின்னாளில் தேயிலையோடும் ஆட்களோடும் மலையேறி லயத்தில் குடிபுகுந்துவிட்டன.

தமிழ் பேசுபவருக்கு இத்தாலியத்தில் ஓர் அனுகூலமும் ஓர் இடரும் உண்டு. மெய்யெழுத்து இரட்டிப்பதை இத்தாலியர் அழுத்தமாகச் சொல்வார்கள். ‘கமீனோ’ என்றால் கணப்பு. ‘கம்மீனோ’ என்றால் நடக்கும் வழி. ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் தடுமாறுவார்கள். படு, பட்டு என்று பிரித்துச் சொல்லி வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே வருகிறது. இடர் எழுத்தில் இருக்கிறது. கூரைக்கான சொல்லையும் ‘சொல்லப்பட்டது’ என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் தெத்தோதான். ஒன்று வல்லொலியில் தொடங்குவது, மற்றது மெல்லிய ஒலியில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும். ஆகவே அக்கா எல்லோரையும் ரோமன் எழுத்திலும் எழுத வைத்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண் அந்த எழுத்துக்களைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி எழுதியதைப் பார்த்தேன்.

அந்தப் படத்தில் கூடம், நடை, சாப்பாட்டறை, படுக்கையறைகள், சாமான் அறை, மாடம் என்று நிறைய இடங்கள் இருந்தன. “எங்க வீட்டுல காம்பராவும் குசினியுந்தாண்ணே. இவ்வளவு அறைக்கும் பேரு படிக்கிறோம்” என்றார் வீட்டுக்காரம்மா. குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இத்தாலியில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். முதியோரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டைக் கவனிக்கவும் அங்கே ஆள் வேண்டும். இலங்கையிலிருந்து நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் பகுதிகளின் கத்தோலிக்கக் குடும்பத்தார் முதலில் போனார்கள். மிலான், ரோம், நேப்பிள்ஸ், வெரோனா, கத்தானியா என்று பரவினார்கள். இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வாழ்கிறார்கள். பலெர்மோவில் தமிழர் பெருந்தொகையாக உண்டு. நகரின் காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துத் தமிழரும் ஏறிப் போகிறார்கள். தோட்டங்களிலிருந்து போனவர்கள் இன்னும் குறைவுதான். மொழி தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு. 2010 இறுதியிலிருந்து நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஏ2 நிலை இத்தாலியத் தேர்வு வேண்டும். 2018 இறுதியிலிருந்து குடியுரிமைக்கு பி1 நிலை வேண்டும்.

பதுளை

பதுளைக்குத் திரும்பி, முதியங்கனை விகாரைக்குப் பக்கத்துத் தெருக்களில் நடந்தேன். வெளிநாட்டு வேலை என்று எழுதிய பலகைகள் பலவற்றைப் பார்த்தேன். பசறையில் கேட்ட பாடம் எங்கே நிற்கிறது, இனி எங்கே போக வேண்டும் என்பது அங்கேதான் எனக்குத் தெளிவாயிற்று.

வீட்டின் பாகங்களைப் படிப்பது அவசியமான தொடக்கம். ‘சாமான் அறையிலிருந்து வாளியை எடுத்துவா’ என்பது புரியாவிட்டால் முதல் நாளே வேலை சிக்கலாகும். கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்தால் எந்த இடம் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லத் தெரிய வேண்டும். ஆனால் இந்தப் பாடத்தில் ஓர் அறை விடுபட்டிருக்கிறது. அது வேலை செய்பவரின் அறை.

இத்தாலியில் வீட்டு வேலைக்கு நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம் உண்டு. வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 54 மணி நேரம்தான் வேலை. வார ஓய்வு 36 மணி நேரம். ஆண்டு முடிவில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம். இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய மானத்தையும் தனிமையையும் காக்கக்கூடிய தங்குமிடத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் எழுத்தில் சொல்கிறது. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான 189ஆம் இலக்க சர்வதேச உடன்படிக்கையை 2013இல், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முதலாவதாக, இத்தாலி ஏற்றுக்கொண்டது. அங்கேயும் ஒப்பந்தம் இல்லாமல் மறைவாக வேலை வாங்குவோர் உண்டு. அதனால்தான் உரிமையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்கிறேன்.

போக நினைக்கும் தங்கைகளுக்கு ஒரு சொல். குசினியையும் குளியலறையையும் படித்த பிறகு ஒப்பந்தம், சம்பளம், ஓய்வு நாள், விடுமுறை, மருத்துவர், காவல்துறை ஆகியவற்றுக்கான இத்தாலியச் சொற்களையும் அதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இத்தாலிய அரசு ஒதுக்கும் வேலை இடங்களுக்கு அங்குள்ள முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். 2023 முதல் 2025 வரை எல்லாத் துறைகளுக்குமாக 4,52,000 இடங்கள் ஒதுக்கினார்கள். வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு ஆண்டுக்கு 9,500தான். முதலாளியின் பேரைச் சொல்லாமல் ‘விசா தயார், காசைக் கட்டு’ என்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தபின், வயது வந்தோருக்கான அரச கல்வி நிலையங்களில் இத்தாலிய வகுப்பு உண்டு. ஓய்வு நாளில் அங்கே போய்ப் படியுங்கள்.

அரசையும் தோட்டக் கம்பனிகளையும் நோக்கிச் சொல்ல வேண்டியது வேறு. தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச் காணி என்பது பல ஆண்டாகப் பேசப்படும் உறுதிமொழி. கணக்குப் பார்த்தால் 177 சதுர மீற்றர். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்தக் கட்டம் 2024இல்தான் தொடங்கியது. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் அதன் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். லயங்களில் இன்னும் காத்திருக்கும் குடும்பங்களின் தொகைக்கு முன்னால் இது போதாது.

அயல்நாட்டு வீட்டுக்காரர் தன் பணிப்பெண்ணுக்கு மானமுள்ள அறை தர வேண்டும் என்பது ஒரு நாட்டில் ஒப்பந்தத்தின் விதி. அதே பெண் பிறந்த மண்ணில், அவளுடைய தாயும் பாட்டியும் தேயிலை பறித்துக் கொடுத்த நாட்டில், அந்த அளவு உரிமை அவளுக்கு எழுத்தில் இருக்க வேண்டாமா? ஊவாத் தோட்டங்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மண் சரியாத நிலத்தில் ஏழு பேர்ச் காணியும், அதில் ஒரு வீடும், பெண்ணின் பேரையும் சேர்த்து எழுதிய உறுதிப்பத்திரமும் கொடுக்க வேண்டும். தேநீர் குடிக்கும் நாம் எல்லோரும் அதைக் கேட்க வேண்டும்.